சீர்த்தட்டைத் தூக்கி எறிந்த மணிமேகலை

வல்லத்திராக்கோட்டையில் மணிமேகலையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஒரு கதை சொல்வார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். அவள் காரின் கதவைப் பிய்த்து எறிந்தாள் என்பார் ஒருவர். கண்ணாடியைத் தலையால் முட்டி உடைத்தாள் என்பார் இன்னொருவர். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததே போதும், அதற்கு மேல் மசாலா தேவையில்லை. அன்றைக்கு ஊர்வலத்தின் முன்னால் போன மைக்செட் வண்டி என்னுடையது. கவியரசன் சவுண்ட் சர்வீஸ் என்றால் ஆலங்குடி வரைக்கும் தெரியும். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

மணிமேகலை குளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊர் ராசுவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். ராசு கொத்தனார். அவன் எழுப்பிய சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் அந்த மனிதனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாடகை வண்டி ஓட்டும் ஆசை. பழைய வேன் ஒன்றை வாங்கினான், மாலை போட்டான், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான், அந்த வாரமே கண்மாய்க் கரை மேலிருந்து வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கினான். நல்லவேளை, கோடை. கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மேலே ஏறி வந்தவன் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் நான் உண்டு, என் கரணை உண்டு என்று சொல்லிவிட்டான்.

வேறு பெண்ணாக இருந்தால் வண்டியை விற்கச் சொல்லியிருப்பாள். இவள் மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றாள். லைசென்ஸ் வாங்கி, செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு ஓட்ட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்கா, பெண் பார்க்கவா, வேளாங்கண்ணிக்கா, எங்கே என்றாலும் மணிமேகலை வேன்தான். வேகமும் உண்டு, நிதானமும் உண்டு. வாய்தான் கொஞ்சம் அதிகம். ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே வருவாள். அவள் வேனில் தூங்கியவர் யாரும் கிடையாது.

அவளே ஒரு தடவை வண்டிக்குள் தூங்கினாள். அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

ஐப்பசி முகூர்த்தம் ஒன்றுக்கு ஆவுடையார்கோவிலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். அப்போது அவளிடம் பழைய வேன் போய், ஏசி வைத்த வேன் வந்திருந்தது. அன்று மழையான மழை. மண்டபத்துக்குப் பின்னால் வைக்கோல்போரை ஒட்டி வேனின் பின்பக்கத்தைச் செருகி நிறுத்தினாள். சாரல் அடிக்கிறதே என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். தாம்பூலப் பையை வண்டியில் வைக்க வந்த ஒரு அம்மாள் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. கதவைத் திறந்தார். மணிமேகலை சேற்றில் சரிந்து விழுந்தாள். தலையை இரண்டாகப் பிளப்பது போல வலி, வாந்தி, எழுந்து நிற்கக் காலில் பலமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கியிருக்கிறார். ஓடுகிற என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்றொரு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, இருமல்கூட வராது. புகைக்குழாயை வைக்கோல் அடைத்துக்கொண்டதால் புகை வண்டிக்கு அடியிலேயே தேங்கி, இடுக்கு வழியாக உள்ளே ஏறிவிட்டது. மூடிய வண்டிக்குள் அது சேர்ந்தால் தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். பிறகு எழுந்திருப்பது நம் கையில் இல்லை.

பிழைத்தோம் என்று சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மறந்துபோவதுதான் உலக வழக்கம். மணிமேகலைக்கோ கோபம் வந்தது. சொந்த வண்டிக்குள்ளேயே ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்து ஆளை முடிக்கப் பார்த்தான் என்கிற மாதிரியான கோபம்.

"திருடன் வந்தா நாயாச்சும் குலைக்கும் கவியண்ணே. இந்தக் களவாணிப்பய வந்தா நாயும் சேந்துல்ல தூங்கும்" என்றாள் என்னிடம்.

அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் கண்ணாடியை மூடிக்கொண்டு நிற்கிற காருக்குள் யாரும் நிம்மதியாகக் கண்ணயர முடியாமல் போயிற்று. எந்த மண்டப வாசலிலும் என்ஜின் ஓடுகிற கார் நின்றால் போய்த் தட்டுவாள். உள்ளே இருப்பவர் யார், எவர் என்ற கணக்கே கிடையாது. ஒரு மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு பவுடர் அடித்துக்கொண்டிருந்தார். அவரையும் தட்டி இறக்கினாள். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால், அவர் அடியில் படுத்துச் சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா, இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தால்தான் விடுவாள். அவள் வேன் திரும்புவது தெரிந்தாலே மெக்கானிக் டீ குடிக்கப் போய்விடுவார்.

என்னிடமும் வைத்துக்கொண்டாள். ஒரு வளைகாப்பில் நல்ல பாட்டு ஒன்று உச்சத்துக்குப் போகிற நேரம், என் ஜெனரேட்டரைப் போய் நிறுத்திவிட்டாள். அதன் புகை, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காரைப் பார்த்துப் போகிறதாம். பந்தல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜெனரேட்டரைத் தள்ளி வைத்தேன், ஆனால் கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. அந்தப் பாட்டு விஷயத்தில் இன்றைக்கும் எனக்குச் சமாதானம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ச் செந்தமிழன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். அவனுக்கு ஒரே தங்கை, அமிர்தவல்லி. கல்யாணமாகிப் பல வருஷம் அவளுக்குக் குழந்தையில்லை. போகாத கோவில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் ஒரு பெண் பிறந்தது. சுடர்விழி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பிள்ளை சிரித்தால் அந்தத் தெருவே சிரிக்கும். ஒரு வயது முடிந்து மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவானதும், தாய்மாமன் லீவு போட்டுவிட்டுப் பறந்து வந்துவிட்டான்.

எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் வெறும் சடங்கில்லை, அது மாமனின் மானம். கோவிலில் மொட்டை முடிந்ததும் பிள்ளையையும் தாயையும் காரில் ஏற்றி, மேளம் கொட்டி, வெடி போட்டு, சீர்த்தட்டுகள் சூழ மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். சீர் நாலு பேர் கண்ணில் பட வேண்டும். அதற்காகக் காரின் டிக்கியைத் திறந்தபடியே வைத்து, அதில் பழத்தட்டும் பித்தளைப் பாத்திரமும் பட்டுப்பாவாடையும் அடுக்கிக் காட்டிக்கொண்டு போவது இப்போதைய வழக்கம். செந்தமிழன் அதோடு விடவில்லை. அது டிக்கியும் உள்பக்கமும் ஒன்றாக இருக்கிற பெரிய பெட்ரோல் கார். திறந்த டிக்கிக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினான். மேலே பட்டுச்சேலையைப் பந்தலாக இழுத்துக் கட்டினான். கீழே பம்பரிலிருந்து தரையைத் தொடுகிற மாதிரி ஒரு ஃபிளெக்ஸைத் தொங்கவிட்டு, அதன் ஓரங்களை வாழைமரத்தோடு சேர்த்துக் கட்டினான். ஃபிளெக்ஸில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அவன் முகம், ஒரு கட்டில் அகலத்துக்கு.

அந்த முகத்துக்குப் பின்னால்தான் காரின் புகைக்குழாய் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். நான் அந்த முகத்தின் அகலத்தைப் பற்றிக் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர்வலம் கிளம்பியது. அடடா, அதுவல்லவா ஊர்வலம். முன்னால் என் வண்டி, பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். அதன் பின்னால் செண்டைமேளம். நடுவே செந்தமிழன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிறான். அவனுக்குப் பின்னால் தட்டேந்திய பெண்கள், அப்புறம் அந்தக் கார், காரை ஒட்டி வயசானவர்களை ஏற்றிய மணிமேகலையின் வேன். ஒவ்வொரு முக்கிலும் நின்று வெடி, ஆட்டம், மறுபடி நாலடி நகர்வு. கார் நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்தது. வெடிப்புகையும் வெயிலும் பிள்ளைக்கு ஆகாதென்று கண்ணாடிகளை இறுக்க மூடி ஏசி போட்டிருந்தார்கள். ஓட்டியவன் செந்தமிழனின் கூட்டாளி செம்மல். பின்சீட்டில் அமிர்தவல்லி மடியில் பிள்ளை.

இத்தனை வெடிச் சத்தத்திலும் பிள்ளை தூங்குகிறது, என்ன சமர்த்து பாருங்கள் என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். அமிர்தவல்லிக்குத் தலை பாரமாக இருந்ததாம். விடியற்காலையில் எழுந்த அலுப்பு என்று நினைத்திருக்கிறாள்.

பின்னால் வந்த மணிமேகலைக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் செந்தமிழனின் முகம்தான். முதலில் அவளும் சிரித்திருக்கிறாள். செம்மல் ஆக்சிலேட்டரை மிதிக்கிறபோதெல்லாம் ஃபிளெக்ஸில் அந்தக் கன்னம் உப்பியது, விட்டதும் சப்பியது. மறுபடி உப்பியது. வேனில் இருந்தவர்கள் மாமன் சீடை தின்கிறான் என்று கேலி பேசினார்கள். அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. கன்னத்தை உப்ப வைப்பது எது? புகை. புகை அங்கே தேங்கி நிற்கிறது. பின்பக்கம் ஃபிளெக்ஸ், பக்கத்தில் வாழைமரம், மேலே சேலை. அது போவதற்கு மிச்சமிருக்கிற ஒரே வழி திறந்து கிடக்கிற டிக்கி. டிக்கியைத் தாண்டினால் பின்சீட்டில் பிள்ளை.

என் பாட்டையும் மீறி ஒரு ஹாரன் விடாமல் அலறியது. திரும்பிப் பார்த்தேன். நடுரோட்டில் வேனை நிறுத்திவிட்டு மணிமேகலை வெறுங்காலோடு ஓடி வருகிறாள். வெடிக்காக நின்றிருந்த காரில் செம்மல் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான், ஆனால் பார்வையில் ஒன்றும் இல்லை. பாதித் தூக்கத்தில் இருப்பவன் மாதிரி கை எதையோ தடவுகிறது. பின்கதவை இழுக்கிறாள். பூட்டிக்கிடக்கிறது.

நான் வண்டியிலிருந்து குதித்து ஓடி வருவதற்குள் அவள் காரின் பின்னால் போய்விட்டாள். ஃபிளெக்ஸைப் பிடித்து ஒரே இழுப்பு. முகம் இரண்டாகக் கிழிந்தது. டிக்கியில் ஏறினாள். ஏறினால் உள்ளே போக வழியில்லை, சீர் அடைத்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்வாள்? பழத்தட்டைத் தூக்கி ரோட்டில் எறிந்தாள். அடுத்து பாவாடை வைத்த தட்டு. அடுத்து பித்தளைக் குடம். குடம் ரோட்டுச் சரிவில் காரைத் தாண்டிக் கணகணவென்று உருண்டு செண்டைமேளக்காரர் காலில் போய் முட்டியது. மேளம் நின்றது. ஒரு டிரைவர் பொம்பளை தாய்மாமன் சீரைத் தெருவில் வீசுகிறாள். எங்கள் ஊரில் இதற்கு முன் இப்படி ஒன்று நடந்ததில்லை. கூட்டம் ஓவென்று இரைந்தது. சகுனம் கெட்டது என்று ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள்.

செந்தமிழன் பாய்ந்து வந்தான். முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது. டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தவளின் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் உதறினாள். பின்சீட்டைத் தாண்டி உள்ளே தாவி, முன்பக்கம் எட்டிச் சாவியைத் திருகி என்ஜினை அணைத்து, கதவுப் பூட்டுகளை எடுத்துவிட்டாள். அப்புறம் பின்சீட்டுக்கு மேலாக எதையோ இரண்டு கையிலும் தூக்கி அவன் நெஞ்சோடு சேர்த்து வைத்தாள்.

"ஏன் எறிஞ்சேன்னு பெறகு கேளு தம்பி. பிள்ளையப் பாரு."

சந்தனம் பூசிய மொட்டைத் தலை அவன் தோளில் துவண்டு விழுந்தது. கை தொங்கியது. அவன் பிள்ளையின் பேரைச் சொன்னான். மறுபடி சொன்னான். அவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்த மனிதன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.  பொய் சொல்ல மாட்டேன், போய்விட்டது என்றே நினைத்தேன்.

மணிமேகலை நினைக்கவில்லை. மூச்சு இருக்கிறது, தூக்கு என்றாள். அதற்குள் நாலாபக்கமும் யோசனை. வெயில் தாங்கவில்லை, மூஞ்சியில் சோடா அடி என்றார் ஒருவர். கண்ணேறு, மிளகாய் சுற்று என்றார் இன்னொருவர். என் கார் ஏசி, அதில் போனால் குளுகுளுவென்று போகலாம் என்று ஒரு பெரிய மனிதர் சாவியை நீட்டினார். மணிமேகலை அந்தச் சாவியைத் தட்டிவிட்டாள். எல்லாரையும் காரிலிருந்து எட்ட, காற்று வருகிற பக்கம் கொண்டுபோகச் சொன்னாள். வேனிலிருந்த கிழடுகளை இறக்கி, எல்லாக் கண்ணாடியையும் திறந்துவிட்டாள். தள்ளாடி வாந்தியெடுத்துக்கொண்டிருந்த அமிர்தவல்லியையும் செம்மலையும் நானும் இன்னும் இரண்டு பேரும் வேனில் தூக்கிப் போட்டோம், நானும் ஏறிக்கொண்டேன். செந்தமிழன் பிள்ளையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பிள்ளை முகத்தில் காற்றுப் பட வேண்டும், வழியை மறைக்காதே என்று அவனை அதட்டினாள்.

எப்போதும் பேசிக்கொண்டே ஓட்டுகிறவள் புதுக்கோட்டை போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. காற்று என் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு போனது. அமிர்தவல்லி கையை நீட்டிப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

மணிமேகலை ஹாரனில் கையை வைத்தாள். இன்னும் அழுத்தி மிதித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கார்ப் புகை, மூடின கார், ரொம்ப நேரம் என்று மூன்றே விஷயம் சொன்னாள். இருந்த டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. உடனே ஆக்சிஜன் மாட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். எங்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். செந்தமிழன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். ஊரே பார்க்கட்டும் என்றுதானே செய்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மணிமேகலை அவனைத் திட்டவில்லை. கை காலைக் கழுவிக்கொண்டு வா, பிள்ளை கண் முழித்தால் இந்தக் கோலத்திலா பார்ப்பது என்றாள். எங்கள் எல்லாருக்கும் அந்த 'முழித்தால்' என்ற சொல்லிலேயே உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்தார். பிள்ளை கண் திறந்துவிட்டது, முகமூடியைப் பிடித்து இழுக்கிறது என்றார். தாயும் டிரைவரும் தேறிவிடுவார்கள், குழந்தையைச் சில நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும், சின்ன உடம்பைத்தான் இது சீக்கிரம் சாய்க்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், செந்தமிழனின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மணிமேகலை அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கொலுசும் மெட்டியுமாக அந்த வெறுங்கால்கள் ரோட்டுத் தாரில் கன்றிப்போய் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த முகூர்த்தத்தில் மறுபடி காதுகுத்து வைத்தார்கள். செந்தமிழன் லீவை நீட்டிக்கொண்டான். கிழிந்த ஃபிளெக்ஸ் இதற்குள் யாரோ ஒருவரின் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. மழை பெய்தால் அந்தக் கூலிங்கிளாஸ் முகத்தில் தண்ணீர் வழிகிறது என்று கேள்வி. இந்தத் தடவையும் சீர் வந்தது, மேளம் வந்தது, வெடியும் வந்தது. சீரெல்லாம் திறந்த டிராக்டரில். பிள்ளையும் தாயும் கண்ணாடி இறக்கிய வேனில். அதன் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று செம்மலே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். சீர் ஊர்வலத்தில் இனி யாரும் டிக்கியைத் திறந்து வைக்கக் கூடாதென்று ஊரில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். கேட்காதவர்களை மணிமேகலை பார்த்துக்கொள்வாள்.

மண்டபத்தில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்தார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். அது மாமனின் உரிமை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். செந்தமிழன் பிள்ளையை வாங்கினான். வாங்கியவன் எழுந்து கூட்டத்துக்குள் போய், ஓரமாக நின்ற மணிமேகலையின் முன்னால் நின்றான்.

"நீங்க மடியில வச்சுக்கங்கக்கா. ஒங்க கையிலேருந்துதான் நான் வாங்குனேன்."

அவள் முடியாது என்றாள். மாமன் இருக்கும்போது எனக்கு என்ன வேலை என்று சீறினாள். அமிர்தவல்லி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உடம்பு மாமன் மடியில், மொட்டைத் தலை மணிமேகலையின் கையில்.

ஆசாரி ஊசியைப் போட்டார். பிள்ளை அழுதது பாருங்கள், அப்படி ஒரு அழுகை. கால் கையெல்லாம் உதறி, முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து, மறுபடி வீறிட்டு. வழக்கமாக இந்த நேரத்தில் கிலுகிலுப்பை ஆட்டுவார்கள், சர்க்கரையை வாயில் வைப்பார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. அமிர்தவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செந்தமிழன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவே இல்லை.

"அழுவட்டும், நல்லா அழுவட்டும்" என்றாள் மணிமேகலை.

மேடையில் மைக் திறந்திருந்தது. நான் பாட்டை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.